குறுக்குக் கம்பி

கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் விஜி ஆசைப்பட்டுக் கேட்டது ஒரே ஒரு சாமான்தான். அதுவும் வீட்டுக்குள் கொள்ளாத சாமான். அம்பர்நாத்தில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில், நாலு டயரும் தரையோடு தரையாகிக் கிடந்த மோரிஸ் மைனர். ஐம்பதுகளில் வந்த வண்டி. தலைக்கு மேலே இரும்புக் கூரை கிடையாது. மழை வந்தால் பின்னாலிருந்து இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு கித்தான் கூரை இருந்தது, அதையும் எலி தின்றிருந்தது.

டெம்போவில் ஏற்றிவந்து செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொஸைட்டி கராஜில் இறக்கிய அன்று நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "இதைப் போட்டா பேரீச்சம்பழக்காரன்கூட ரெண்டு பழம் தரமாட்டான்! ரிடையரானா எல்லாரும் நாராயணீயம் கிளாஸுக்குப் போறா. நீ என்னடான்னா துருவை விலைக்கு வாங்கிண்டு வந்திருக்கே!"

"கத்தி முடிச்சாச்சா? முடிச்சாச்சுன்னா அந்த ஸ்பானரை எடுங்கோ" என்றாள்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். செம்பூரிலிருந்து வி.டி. ஸ்டேஷன் வரைக்கும், ஹார்பர் லைன் ரயிலின் லேடீஸ் டப்பாவில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தாள். அவளுடைய ஆசை இவ்வளவுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு, கித்தானை மடித்துவிட்டு, ஃப்ரீவே மேம்பாலத்தில் ஏறி ஃபோர்ட் வரைக்கும் போய்வர வேண்டும். "மேல கூரையும் வேண்டாம், மூஞ்சிகிட்ட யாரோட அக்குளும் வேண்டாம். ஆகாசம் இருந்தாப் போறும்" என்பாள். இதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் பத்ரிநாராயணன். உரத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். உத்தியோகம்தான் ஓய்வு பெற்றது, கர்வம் பெறவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பம்பும் வால்வும். கார் விஷயத்தில் ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அவள் வாயைத் திறந்தால் "எனக்குத் தெரியும்" என்று முந்திக்கொள்வது என் பிறவிக் குணம். அவளோ வீடியோ பார்த்தாள், பழைய வண்டி வைத்திருக்கும் பார்ஸிக் கிழவர்களுக்கு போன் போட்டு மணிக்கணக்கில் பேசினாள், நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் எஞ்சினை ஓடவைத்தாள். கித்தான் கூரையைத் தையல் மெஷினில் தானே தைத்தாள். நைட்டிக்கு மேலே என் பழைய ஃபாக்டரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தால், மெட்டி போட்ட இரண்டு கால் மட்டும் வெளியே தெரியும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை.

மிச்சம் இருந்தது அடிப்பகுதி. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே, முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும் இரும்புப் பெட்டி துருவேறி, விரலால் தொட்டாலே உதிர்ந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். அந்த டிங்கரிங் வேலைக்குத் தாராவியிலிருந்து சுயம்புவைப் பேசி வைத்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். முப்பது வருஷமாக டாக்ஸிகளுக்குத் தகடு மாற்றுகிறவன்.

அதற்குள் ஜனவரியில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. கணையத்தில் கட்டி என்றார்கள். பரேல் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றார். விஜிக்கும் அது தெரிந்துபோயிற்று. அவளிடம் எதை மறைக்க முடியும்? "மழைக்கு முன்னாடி வண்டி ரெடியாகணும்" என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் கடைசியில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தது. கிளம்புகிற நேரத்தில், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஏன்னா, கொஞ்சம் காதுல போட்டுக்கோங்கோ. நான் வராம சுயம்பு அடியில கை வைக்கப்படாது. இதுக்கு மேல கூரை இல்லை. கீழ இருக்கிற அந்த ரெண்டு இரும்புதான் முன் பாதியையும் பின் பாதியையும் சேத்துப் பிடிச்சிண்டிருக்கு. ரெண்டு கதவு வாசலுக்கும் குறுக்கே கம்பி வெல்டு பண்ணிட்டுத்தான் வெட்டணும். அதுவும் ஒரு பக்கம் முடிச்சப்புறம்தான் மறு பக்கம்."

"தெரியும், தெரியும்" என்றேன். டாக்ஸி எங்கே வருகிறது என்று மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாதியாகிப் போயிருந்தாள். மழைக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று எண்ணினேன். இவள் எழுந்து வந்து, பக்கத்தில் நின்று வேலை வாங்கி, எப்போது முடிப்பது? வீட்டுக்கு வரும்போது வண்டி தயாராக நிற்க வேண்டும், வந்த ஞாயிற்றுக்கிழமையே அவளை அதில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அன்று சாயங்காலமே சுயம்புவை வரச் சொன்னேன்.

"சார், மாமி என்னமோ குறுக்குக் கம்பி வைக்கணும்னு சொன்னாவளே?" என்றான்.

"கம்பி வெச்சுப் பண்ணினா எத்தனை நாள் ஆகும்?"

"ஒவ்வொரு பக்கமாச் செஞ்சா மூணு வாரம் ஆவும். ரெண்டையும் சேத்து வெட்டுனா ஒரு வாரம். டாக்ஸிக்கெல்லாம் அப்படித்தான் செய்யுதேன். எத்தன காலி பீலி டாக்ஸிக்கு அடி மாத்திருக்கேன், ஒண்ணுக்கும் கம்பி வச்சது கெடயாது. இருந்தாலும் மாமி சொன்னாவளேன்னு பாக்கேன்."

"இங்கே இன்ஜினியர் நானா, மாமியா? வெட்டுப்பா."

டாக்ஸிக்கு இரும்புக் கூரை இருக்கிறது. அடியை வெட்டினாலும் கூரை பிடித்துக்கொள்ளும். இந்த வண்டிக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சுயம்பு ஆயுளில் கூரையில்லாத வண்டியைத் தொட்டதில்லை, அவனுக்குத் தோன்றாமல் போனதில் ஆச்சரியமில்லை. எனக்கு அவள் வாயால் சொல்லியே இருந்தாள்.

வேலை தொடங்கிய ஏழாம் நாள், எல்லாத் தகட்டையும் வெல்டு செய்து முடித்துக் கதவை மாட்டினான். சாத்தினான். கதவு பாதியில் இடித்துக்கொண்டு நின்றது. மறு பக்கமும் அப்படியே. கதவு வாசல் மேலே இரண்டு விரற்கடை குறுகியிருந்தது. சுயம்பு நூல் பிடித்துப் பார்த்தான். வண்டி நடுவில் பழைய கயிற்றுக் கட்டில் மாதிரித் தொய்ந்திருந்தது. அந்தத் தொய்வோடேயே வெல்டும் செய்துவிட்டோம்.

"எம்மா! எனக்குத் தோணலயே சார், தோணாமப் போச்சே" என்று தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கதவைக் கயித்தால கட்டிண்டு ஓட்ட முடியாதா?"

"ரோட்டுல ஒரு குழியில எறங்குனா நடுவுல ரெண்டா மடங்கிரும் சார். மாமிய அதுல உக்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அத்தனையும் திரும்ப அறுத்து நிமுத்தணும். ஒரு மாசம் வேணும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அரை மணி நேரம் சுயம்புவைக் கண்டபடி திட்டினேன். "நீங்கதான வெட்டச் சொன்னிய" என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு மூச்சு வாங்கியதும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் விஜி வீட்டுக்கு வந்தாள். லிஃப்ட் இல்லாத கட்டடம். நாற்காலியில் உட்காரவைத்து மூன்று மாடி தூக்கினோம். ஏறுவதற்கு முன்னால் கராஜ் ஷட்டரைப் பார்த்ததும், "ஒரு நிமிஷம் திறங்கோ" என்றாள். "பெயிண்ட் காயறது. தூசி படப்படாது" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற புத்திசாலி நான்.

அதற்குப் பிறகு தினமும் கேட்டாள். "கதவு சாத்தறதா?" "ஜோராச் சாத்தறது" என்றேன். என்ன புடவை கட்டிக்கொள்வது, தலைக்கு என்ன கட்டிக்கொள்வது, காற்றில் பறக்காமலிருக்க எத்தனை பின் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போட்டாள். "அன்னிக்கு மட்டும் வலி மாத்திரை ரெண்டாக் குடுங்கோ. ஃபோர்ட் வரைக்கும் வேண்டாம், ஃப்ரீவேயில ஏறி எறங்கினாக்கூடப் போறும்" என்றாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில், "கீழ போய் ஒரு தரம் கதவைச் சாத்துங்கோ. ஜன்னல் திறந்துதான் இருக்கு, எனக்கு இங்கேந்தே கேக்கும்" என்றாள்.

கீழே போனேன். கராஜுக்கு முன்னால் முதல் மாடிக் கேஷவ் ஆபீஸ் கிளம்பத் தன் காரில் பையை வைத்துக்கொண்டிருந்தான். நான் ஷட்டரைச் சத்தமாகத் தூக்கிவிட்டு, நேரே போய் அவன் கார்க் கதவை அறைந்து சாத்தினேன்.

"அங்கிள், க்யா ஹுவா?" என்று திகைத்தான். "குச் நஹி பேட்டா, ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன்.

விஜி தலையணையில் சாய்ந்துகொண்டிருந்தாள்.

"கேட்டுதா?"

"கேட்டுது. அது கேஷவோட வண்டி." என் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா வெட்டிட்டேளா?"

வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அன்று ஆமென்று தலையை ஆட்டினேன்.

"கம்பி வெக்கலையா?"

"வெக்கலை."

திட்டமாட்டாளா என்று இருந்தது எனக்கு. பிறகு கேட்டாள்: "முப்பத்தேழு வருஷத்துல ஒரே ஒரு தரம், நான் சொல்றதைக் கடைசி வரைக்கும் கேட்டிருக்கப்படாதா?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"உன்னை ஏத்திண்டு போகணும்னுதாண்டி..." என்று ஆரம்பித்தவன் அழுதுவிட்டேன்.

"தெரியும். அதனாலதான் திட்டவும் முடியலை" என்றாள். அப்புறம் அவளும் அழுதாள். ஜனவரியிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், "எனக்கு அந்த ஒரு கார்த்தாலை வேணும்னு இருந்துதே" என்று குழந்தை மாதிரி அழுதாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் கீழே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்து மணிக்கு அவளே கூப்பிட்டாள். "நோட்டை எடுத்துண்டு வாங்கோ. எப்படி நிமுத்தறதுன்னு சொல்றேன்."

"இப்போ எதுக்கு, விஜி?"

"கோணலா விட்டுட்டுப் போக மனசு வரலை. எழுதிக்கோங்கோ."

எழுதிக்கொண்டேன். "தெரியும்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"முதல்ல எஞ்சினை எறக்கணும். முன்பாரம் போகட்டும்."

"அப்புறம்?"

"சுயம்பு போட்ட வெல்டை எல்லாம் அறுக்கச் சொல்லுங்கோ. நடுவுல ரெண்டு ஜாக்கி, மரக்கட்டை வெச்சு."

"அப்புறம்?"

"கதவை மாட்டிண்டு ஜாக்கியைத் தூக்கணும். கால் சுத்து, நிறுத்தணும். ஒரு நாள் விடணும். மறுபடியும் கால் சுத்து. கதவு தானா வந்து சாத்தற வரைக்கும். அவசரமே படப்படாது, என்ன?"

"சரி. அப்புறம்?"

"அப்புறம் குறுக்குக் கம்பி." கண்ணை மூடிக்கொண்டாள். "இல்லை, அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணணும். சித்த இருங்கோ, சொல்றேன்."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை. சாயங்காலம் நானே எழுப்பிப் பார்த்தேன், கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புதன்கிழமை போய்விட்டாள். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதின்மூன்றாம் நாள் முடிந்த மறுநாள் சுயம்பு தானாக வந்து நின்றான். "நான் கெடுத்தத நானே நிமுத்துதேன் சார்" என்றான். நோட்டைப் பார்த்து நான் படித்தேன், அவன் செய்தான். எஞ்சினை இறக்கினான். வெல்டை அறுத்தான். ஜாக்கியைத் தினமும் கால் சுற்று தூக்கினான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் இரண்டு கதவும் தானாக வந்து சாத்தின.

சுயம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பியை எடுத்து வாசலுக்குக் குறுக்கே அளவு வைத்தான்.

"அதை வெச்சுடாதே" என்றேன்.

"நோட்டுல அடுத்தது கம்பிதான சார்?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு."

"என்னது?"

"அவள் சொல்லலை."

"என்ன இருக்கப் போவுது சார்? நேரா வெல்டு வச்சிர வேண்டியதுதான். ரொம்ப நாளு ஜாக்கியில நிக்கக் கூடாது. எனக்குத் தெரியும் சார்."

"'சித்த இருங்கோ, சொல்றேன்'னு சொல்லியிருக்கா, சுயம்பு" என்றேன். "நான் இருக்கேன்."