ஊசி போடாத டாக்டர்

வாசலில் 'டாக்டர் செண்பகம்' என்று பலகை எழுதி மாட்டியது அப்பாவின் வேலை. அன்றிலிருந்து ஆழ்வார்பேட்டையில் எங்கள் தெருவுக்கே நான் வைத்தியம் பார்த்தாக வேண்டும் என்றாகிவிட்டது. நான் கிருமிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள், கிண்டிப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பே கதியென்று கிடப்பவள் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? உயிர் மருத்துவம் என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். அது இன்னும் மோசம். போகிற உயிரைப் பிடித்து நிறுத்துகிறவள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பின் போர்ஷனில் குடியிருந்த அய்யாதுரைதான் கொஞ்சம் புரிந்துகொண்டவர். "நோயாளியப் பாக்க மாட்டீங்க, நோய மட்டும் பாப்பீங்க. அப்படித்தான டாக்டரம்மா?" என்று ஒரு நாள் கேட்டார். இதைவிட நன்றாக என் பேராசிரியரே சொன்னதில்லை.

தி. நகர் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை அவருக்கு. மாதக்கணக்கில் இருமல். காசநோய் இல்லையென்று தெரிந்த பிறகு கடைக்குள் வந்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நானே ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தேன். "எச்சில் வேண்டாம். காலைல எழுந்ததும் நெஞ்சுலேருந்து காறித் துப்பணும்" என்று சொல்லியனுப்பினேன். மறுநாள் பவ்யமாகக் கொண்டுவந்து தந்தார்.

கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தேன். நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சிகளாகக் காசநோய்க் கிருமிகள், கொத்துக் கொத்தாக. படிக்கிற காலத்தில் இதைப் பார்த்தால் அழகாக இருக்கிறது என்று கூடத் தோன்றும். அன்று தோன்றவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி முத்துலட்சுமி மகளை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சியை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பூச்சி இருக்கு, அய்யாதுரை. நிறையவே இருக்கு."

"இருக்காதே டாக்டரம்மா" என்றார் சட்டென்று. அப்புறம் அவர் முகம் மாறியது. "அது என் சளி இல்ல. இவளுது. இவ கல்லு மாதிரி இருக்காளே, ஒண்ணும் வராதுன்னு..."

எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. முத்துலட்சுமி நிமிராமலே சொன்னாள்.

"துப்பச் சொன்னாவ, துப்புனேன்."

"உனக்கு இருமல் உண்டா?"

"கைப்பம்பு அடிக்கச்ச இருமிக்கிடுவேன். அந்தச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்காது. ரெண்டு பேரும் இருமுனா குடும்பம் என்னத்துக்கு ஆவும்?"

ஊசியும் மாத்திரையும் அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் எடுத்தால் குணமாகும், நாளைக்கே மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நானும் வருகிறேன் என்றெல்லாம் சொன்னேன். என் குரல் எனக்கே பாடம் ஒப்பிப்பது போலக் கேட்டது.

குழந்தை வாயைத் திறந்து காத்திருந்தது. முத்துலட்சுமி பழக்கத்தில் கரண்டியை ஊதத் தன் உதட்டருகே கொண்டுபோனவள், அப்படியே நிறுத்தினாள். குழந்தையையும் கிண்ணத்தையும் புருஷனிடம் நீட்டினாள். அவர் கை நீட்டிவிட்டு, தன் சளியை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தாற்போல, பின்வாங்கிக்கொண்டார். குழந்தை வீறிட்டது.

"நீங்க ஊதுங்க, டாக்டரம்மா" என்றாள் முத்துலட்சுமி.

நான் தரையில் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டேன். இருவரும் சுவரோரமாகத் தள்ளிப்போய் நின்றார்கள். கஞ்சியின் ஆவியில் என் மூக்குக் கண்ணாடி முழுக்க மங்கிப்போயிற்று. குழந்தையின் வாய் எங்கே என்று தடவிக்கொண்டு ஊதினேன்.