எண்ணெய் அடங்கும் வரை

வாணலியில் உருளைக்கிழங்குத் துண்டுகள் சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தபோது அக்கா அவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். ஆள் வந்தாயிற்று, பெட்டியைத் திற என்று அர்த்தம். மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி கேன்டீன் சமையலறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே, நோயாளிகளின் சாப்பாட்டுக்குப் பொறுப்பான டயட்டீஷியன் அம்மா உம்மென்ற முகத்தோடு வந்தார். அவன் அவசர அவசரமாகப் பெட்டியின் கொக்கியை விடுவித்தான். உள்ளே கறுப்பு நுரைப்பஞ்சில் குழி வெட்டி, குழிக்கு ஒரு கருவியாகப் படுக்க வைத்திருந்தது.

உணவைச் சோதிக்கும் கருவிகளை விற்பது அவன் வேலை. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் ஏறி இறங்காத ஹோட்டல் இல்லை. "எங்க சமையல்ல குத்தம் கண்டுபிடிக்க நாங்களே காசு குடுக்கணுமா?" என்று முதலாளிகள் முறைப்பார்கள். வீட்டிலும் அதே லட்சணம்தான். ஒரு விருந்தில் கோழி உள்ளே வெந்திருக்கிறதா என்று ஊசியைக் குத்திப் பார்த்துத் தொலைத்துவிட்டான். அன்றிலிருந்து அக்கா புருஷனுக்கு அவன் 'தெர்மாமீட்டர்'. மாமா வைத்த பேர் கேன்டீன் வரைக்கும் பரவி, பாத்திரம் தேய்ப்பவர்கூட "தெர்மாமீட்டர் வந்திருக்காரு" என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார். அக்கா மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதிகாரியைச் சுற்றிச் சுற்றி வந்து, "என் தம்பி ஒரு தடவ வந்து காட்டட்டும் சார், வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம்" என்று நச்சரித்து இந்த நாளை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அவளுக்கும் இதில் ஒரு எண்ணம் இருந்தது. அவள் எடுத்து நடத்தும் இந்தக் கேன்டீனின் குத்தகை இந்த மாதத்தோடு முடிகிறது. ஒரு பெரிய கம்பெனி போட்டிக்கு நின்றது. தன் சமையலறை எவ்வளவு சுத்தம் என்று மெஷினே சொல்லிவிட்டால் அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள் என்று நினைத்திருந்தாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. குளிர்பெட்டியில் இருந்த பாலில் ஊசியை வைத்தான். எவ்வளவு குளிர்ச்சி வேண்டுமோ அவ்வளவு இருந்தது. காய் நறுக்கும் பலகையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, குச்சியை ஒரு கருவிக்குள் செருகினான். பலகை சுத்தம் என்றது. பழச்சாற்றில் ஒரு சொட்டை எடுத்து, இனிப்பை அளக்கும் குட்டிக் குழாயின் முனைக் கண்ணாடியில் விட்டு, மறுமுனையில் டயட்டீஷியன் அம்மாவையே ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொன்னான். "இனிப்பு அளவாத்தான் இருக்கு" என்றார் அந்த அம்மா. முகம் கொஞ்சம் இளகியிருந்தது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எண்ணெய்க்கும் ஏதோ இருக்காமே?" என்றார் அதிகாரி.

"இருக்கு சார்." நீளமான கம்பியும் தலையில் சின்னத் திரையுமாக இருந்த கருவியை எடுத்தான். திரும்பத் திரும்பக் காய்ந்ததில் எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அது எண்ணாகச் சொல்லும். எண் புரியாதவர்களுக்கு நிறமாகவும் சொல்லும். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் கொட்டிவிட வேண்டியதுதான்.

அக்கா கிழங்கை அரித்தெடுத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். எண்ணெயின் மேல் இன்னும் பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டிருந்தது. கழுவிப் போட்ட கிழங்கின் ஈரம் அது. ஈரம் போய் எண்ணெய் அடங்க ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். பொறுக்காமல் வைத்தால் நல்ல எண்ணெயையும் கெட்டது என்று காட்டிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதைப் பாடமாக எடுப்பதே அவன்தான். ஆனால் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேத்து மாத்தின எண்ணெய்தான்டா, பயப்படாம வை" என்றாள் அக்கா. இத்தனை நேரம் எல்லாம் சரியாக வந்த தெம்பில் அவனும் கம்பியை உள்ளே விட்டான்.

திரை சிவப்பாக எரிந்தது.

புகையை இழுக்கும் விசிறி தலைக்கு மேல் கடகடத்தது. அக்கா திரையைப் பார்த்தாள், எண்ணெயைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். நீ ஏதாவது சொல்லேன் என்பதுபோல் நின்றாள்.

"சார், இதுல ஈரம் இருக்கு. அஞ்சு நிமிஷம் அடங்கட்டும், மறுபடி வெச்சுக் காட்டறேன்."

அதிகாரி சிரித்தார். பொல்லாத சிரிப்பு இல்லை. குழந்தையின் பொய்யைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு. "பாலுக்கு ஒரு தடவ, ஜூஸுக்கு ஒரு தடவ. அக்காவோட எண்ணெய்க்கு மட்டும் ரெண்டு தடவயா தம்பி?"

"இல்ல சார், முறையே அதுதான். ஈரம் இருந்தா ஏத்திக் காட்டும்."

"அப்ப முதல்லயே ஏன் வெயிட் பண்ணல?"

அதற்கு என்ன சொல்வது? நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்றா? தப்பு கருவியுடையது என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தப்பு தன்னுடையது என்றால், அக்காவைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான் என்பார்கள். உண்மை அதுதான், ஆனால் அதைச் சொன்னால் நம்ப ஆள் இல்லை. அவன் இவளுக்குத் தம்பியாகப் பிறந்திருக்கக் கூடாது.

அதிகாரி செல்போனை எடுத்துச் சிவப்புத் திரையைப் படம் பிடித்துக்கொண்டார். "சொந்த அக்கான்னும் பாக்காம காட்டிக் குடுத்துடுச்சு பாருங்க" என்றார் டயட்டீஷியன் அம்மாவிடம். "நமக்கு இதுதான் வேணும். எல்லா சமையலறைக்கும் ஒண்ணு ஒண்ணு போட்டுடலாம்." பிறகு அக்கா பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "இன்னைக்கு அடுப்பை மூடிடுங்கம்மா. குத்தகை விஷயம்... மேல பேசிட்டுத்தான் சொல்லணும்" என்றார்.

அவர்கள் போன பிறகு அக்கா வாணலியின் மேல் குனிந்து மோந்து பார்த்தாள். ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். "எனக்குத்தான் மூக்கு மழுங்கிப்போச்சு போல" என்றாள். "இத்தன வருஷமா இதைத்தான் நோயாளிங்களுக்குப் போட்டுக்கிட்டு இருந்தேனோ என்னவோ."

"அக்கா, எண்ணெய் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"எனக்காகச் சொல்லாதடா. மெஷினுக்கு அக்கா தங்கச்சி கெடையாதுன்னு நீதான் எத்தன தடவ சொல்லியிருக்க." கனத்த துணியால் வாணலியின் காதுகளைப் பிடித்து, எண்ணெயைக் காலித் தகர டின்னில் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது. "விடு. உனக்கு ஆர்டர் வந்துச்சுல்ல. உங்க மாமா இனிமே தெர்மாமீட்டர்னு கூப்பிடட்டும், நான் கேட்டுக்கறேன். இரு, உனக்குச் சாப்பாடு போட்டு எடுத்துட்டு வரேன்."

அவள் முன்கூடத்துக்குப் போனாள். வரிசையில் நின்றவர்களிடம் இன்றைக்குப் பொரித்தது எதுவும் இல்லை என்று அவள் சொல்வதும், யாரோ ஏன் என்று கேட்பதும், பதிலுக்கு அவள் கரண்டி தட்டில் இடிபடுவதும் அவனுக்குக் கேட்டன.

டின்னில் எண்ணெய் அடங்கியிருந்தது. ஒரு குமிழி இல்லை. ஆறிவிட்டால் கருவி எதையும் சொல்லாது. இன்னும் சூடு இருந்தது. கம்பியைத் துடைத்து உள்ளே விட்டான். திரையில் எண் மேலே ஏறி, தயங்கி, இறங்கி, இறங்கி நின்றது.

பச்சை.

கருவியை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்கு ஓடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டின்னுக்குள் என்ன ஊற்றினாய், எப்போது ஊற்றினாய் என்று கேட்பார். அவர் போனில் சிவப்புப் படம் இருக்கிறது. இங்கே அவனும் ஒரு டின்னும்தான். அக்காவிடமாவது காட்டலாம். காட்டினால் இத்தனை வருஷமும் அவள் கை சுத்தம்தான் என்று அவளுக்குத் தெரியும். அவள் கேன்டீனைத் தின்றது தம்பியின் ஐந்து நிமிட அவசரம் என்பதும், அவள் சந்தோஷப்பட்ட அந்த ஆர்டர் எப்படி வந்தது என்பதும் கூடவே தெரியும்.

தட்டோடு அக்கா வருகிற செருப்புச் சத்தம் கேட்டது.

"மறுபடி வெச்சுப் பாத்தியா? என்ன காட்டுது?"

தூரத்தில் எண் அவளுக்குத் தெரியாது; நிறம் தெரியும். தட்டை மேடையில் வைத்துவிட்டு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். அவன் கை தானாகத் திரையை மூடியது. மூடிய விரல்களின் இடுக்கில் பச்சை வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.