பயந்தாங்கொள்ளி

“பயம்தான் அவரைக் கொண்டுபோயிடுச்சு,” என்று அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோது, மகள் வார்டு உடுப்போடு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கொண்டிருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை. “மலைப்பாதையில பஸ் ஓட்டினவரு எங்கண்ணன். அவருக்கா பயம், அண்ணி?”

“உனக்கென்ன தெரியும்? இதோ வந்துட்டாளே, இவளைக் கேளு. நர்ஸ், இவளே சொன்னா.”

கூடத்தில் இருந்த முகமெல்லாம் இவள் பக்கம் திரும்பியது.

ஆமாம், இவள்தான் சொன்னாள். இதய, நுரையீரல் வார்டிலேயே தலை நரைத்தவள். டாக்டர் நோய்க்குப் பெயர் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த நோயோடு படுத்திருக்கும் மனுஷருக்கு இந்த நிமிஷம் என்ன கஷ்டம் என்று நர்ஸ் தனியாகக் கண்டுபிடித்து எழுத வேண்டும். மூச்சு போதவில்லையா, உடம்பில் நீர் கோத்திருக்கிறதா, இல்லை வெறும் பதற்றமா? பயிற்சிக்கு வரும் பெண்களை அதற்காகவே வறுத்தெடுப்பாள். “மெஷினைப் பாக்காதே, ஆளைப் பாரு. மூச்சு முட்டுதுன்னு அவரு சொன்னா முட்டுது. மத்ததெல்லாம் இல்லைன்னு தெரிஞ்சப்புறம்தான் பதற்றம்னு எழுதணும், புரியுதா?”

வீட்டில் அந்தச் சட்டமெல்லாம் செல்லவில்லை. “மூச்சு முட்டுதும்மா” என்று அப்பா கூப்பிட்டால், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவர் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டுவாள். எண் நன்றாகத்தான் காட்டும். “ஒண்ணுமில்லப்பா, பயம். மனசைத் திடமா வச்சுக்குங்க.” அவ்வளவுதான், அவர் வீட்டுக்கே பயந்தாங்கொள்ளி ஆனார். படுத்தால் அடைக்கிறது என்று நாற்காலியிலேயே தூங்கினார். தாத்தாவுக்கு இருட்டென்றால் பயம் என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கப் பார்ப்பார், பாதியிலேயே இருமல் வந்துவிடும். “சும்மா சும்மா வார்டுக்குப் போன் போடாதம்மா, மானம் போகுது,” என்று அம்மாவிடமும் கறாராகச் சொல்லி வைத்திருந்தாள்.

இன்று காலை, எல்லாம் முடிகிறவரை அம்மா போன் போடவில்லை.

அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். “அம்மா, பயம் பயம்னு எல்லார்கிட்டயும் சொல்லாதே. பயமே இல்ல அது. படுத்தா அடைக்குதுன்னு உக்காந்தே தூங்கினாரே, இதயம் தளர்ந்துபோச்சு அவருக்கு. நான்தான் சரியாப் பாக்கல.”

அம்மா தண்ணீர்த் தம்ளரைப் பிடித்தபடி நின்றாள்.

“அப்ப நிஜமாவே முட்டுச்சா?”

“ஆமாம்மா.”

“பயம் இல்லடி, மூச்சுதான்னு சொன்னாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.” அம்மா தம்ளரை வைத்தாள். “நான் சிரிச்சேன். பஸ் ஓட்டின மனுஷன் இப்படி நடுங்கலாமான்னு கேட்டுச் சிரிச்சேன்டி.”

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அம்மா அறையவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தை எட்டிப் பார்த்தாள். “நர்ஸை வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டு எங்கண்ணன் இப்படிப் போயிட்டாரே அண்ணி? எனக்கு மனசு ஆறவே இல்ல.”

“இவ ஒரு குறையும் வைக்கல,” என்றாள் அம்மா. குரல் கொஞ்சமும் பிசகவில்லை. “கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டா. அவருக்குத்தான் தைரியம் பத்தல.”

இல்லை அத்தை என்று சொல்லியிருக்கலாம். சீ, என்ன பிறவி நான் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அத்தை அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் தலைமாட்டில் அவளுக்கு இடம் விட்டார்கள். அவள் போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தாள். போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்கள் பளபளவென்று வீங்கியிருந்தன. காலுறையின் ரப்பர் அழுத்திய பள்ளம் இன்னும் அப்படியே இருந்தது. இதயம் தளர்ந்தால் நீர் முதலில் இறங்குவது அங்கேதான். நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்கூடப் பார்த்ததும் சொல்லிவிடுவாள்.

வாசலில் வேன் வந்து நின்றது. “உங்க வார்டுலேர்ந்து எல்லாரும் வந்திருக்காங்க,” என்றார்கள்.

அவள் போர்வையை இழுத்து அந்தக் கால்களை மூடினாள்.