சிவப்பு மையின் தேதி

1

இந்தக் கதை கேட்டு வாங்கப்பட்டது. எங்கள் ஊரின் குடும்ப மருத்துவமனைக்கு எழுபத்தைந்து வயது. அதை இப்போது நடத்தும் மூன்றாம் தலைமுறை டாக்டரம்மா, விழா மலருக்கு மூன்று பக்கம் வரலாறு எழுதித் தரச் சொன்னார்.

"ஊர்ல எல்லாரையும் கிண்டல் பண்ணி எழுதுறீங்களே, எங்களையும் கொஞ்சம் மரியாதையா கிண்டல் பண்ணுங்க சார்."

மரியாதையாகக் கிண்டல் செய்வது வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விடுவது மாதிரி. என் வயதில் அதுவும் பழகிவிடுகிறது. எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "அறியாமை இருளில் மூழ்கிக் கிடந்த இவ்வூரில் ஒளிவிளக்காய் உதித்த பெரிய டாக்டர் அவர்கள்..." (அடித்துவிட்டேன். அவர் உதித்தது காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், ஒரு பழைய உரக்கடையில். மூட்டை வாசனை போக ஆறு மாதம் ஆனதாம்.)

இரண்டாவது: "ஸ்டெதாஸ்கோப் என்பது வெறும் குழாய் அல்ல, அது" (வெறும் குழாய்தான்.)

2

எல்லா வரலாறும் அட்டைகளில் இருக்கிறது. டாக்டரம்மாவின் தாத்தாவான பெரிய டாக்டரின் ஏற்பாடு அது: ஆளுக்கு ஓர் அட்டை கிடையாது, வீட்டுக்கு ஓர் அட்டை. அதில் பெயரும் கிடையாது, உறவுதான்: குடும்பத்தலைவர், மூத்த மகன், மூன்றாவது மகள். யாருக்காவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் தன் கையாலேயே சிவப்பு மையில் எழுதிவைப்பார். எதை எழுதினாலும் கீழே பொடி எழுத்தில் தேதி போடுவார்.*

வேலை நடக்கும் விதம் இது. டாக்டர் உள்ளறையிலிருந்து மருந்தைச் சொல்வார். அட்டை நர்ஸ் கையில் இருக்கும். சிவப்பு இருந்தால் சொல்வது நர்ஸின் பொறுப்பு. புது அட்டைக்காரர்களுக்கு மட்டும் முதலில் கையில் துளி மருந்து ஏற்றிச் சோதிப்பார்கள். பழைய அட்டைக்குச் சோதனை இல்லை, கேள்வியும் இல்லை. "என் ஆளுங்களை எனக்குத் தெரியும்" என்பார் பெரிய டாக்டர். சுவரில் மாட்டத் தகுந்த வாக்கியம். மாட்டியும் இருக்கிறார்கள்.

(* கல்யாணப் பத்திரிகை ஓரத்தில்கூட வந்த தேதியைக் குறித்துவைத்தவர். இதைக் கிண்டலாக எழுத நினைத்திருந்தேன்.)

3

பழைய ஊழியர்கள் பட்டியலில் ஒரு நர்ஸ் இருந்தார். நாற்பது வருடங்களுக்கு முன் ஒரே நாளில் வேலையை விட்டவர். ஊருக்கே காரணம் தெரியும்: தப்பான ஊசி போட்டு ஒரு பெண்ணைக் கொன்றவர். இப்போது பள்ளிச் சீருடை தைக்கிறார். கடை, மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி.

"இப்பவும் ஊசி பிடிக்கிற வேலைதான் சார்" என்றார், காலரைத் திருப்பிக்கொண்டே. "துணி பாவம், ஒண்ணும் சொல்லாது."

நான் சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

இறந்தவளுக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒரு வருடம். தொண்டை வீங்கி, பேச முடியாத காய்ச்சலில் மாமியார் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளிருந்து பெரிய டாக்டர் பெனிசிலின் என்றார். இவர் போட்டார்.

"கால் மணி நேரம்கூட ஆகலை. என் கையைப் பிடிச்சிருந்தா. பிடி தளர்ந்தது தெரிஞ்சது."

"டாக்டர் திட்டினாரா?"

"ஒரு வார்த்தை சொல்லலை. அதான் தாங்க முடியலை."

"அட்டையைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்னுதான் நினைச்சேன். மறுநாள் சாயங்காலம் மனசு கேக்காம அட்டை இழுப்பறையைத் திறந்தேன். சிவப்பு இருந்துச்சு சார். மருமகள், பெனிசிலின் ஆகாதுன்னு. கண்ணுக்கு நேரா. நான்தான் பார்க்கலை. அப்படியே மூடிட்டு வந்துட்டேன்."

மிதியில் காலை வைத்தார். தையல் ஓடியது.

4

இதை மலரில் போட முடியாது. அந்த வருடத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் அட்டை அறைக்குப் போனேன். எதைத் தாண்டுகிறோம் என்று பார்க்க வேண்டுமல்லவா.

பிறந்த வீட்டு அட்டை: மூன்றாவது மகள், எட்டு வயது, பெனிசிலினால் உடம்பெல்லாம் தடிப்பு. சிவப்பு மையில் எச்சரிக்கை. பதிமூணு வருடம் கழித்து நீல மையில்: கல்யாணம், வீடு மாறியது.

புகுந்த வீட்டு அட்டை. பல வருடப் பழசு, ஆகவே சோதனை கிடையாது. பெரிய டாக்டர் தன் கையால் 'மருமகள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். பெண் வீடு மாறியிருக்கிறாள், சிவப்பு மாறவில்லை. கூட வந்த மாமியாருக்கு அவளுடைய எட்டாவது வயது தெரியாது.

பிறகு நீல மையில் இறந்த தேதி.

அதற்குக் கீழே சிவப்பு மையில்: மருமகள், பெனிசிலின் ஆகாது. அதன் கீழே பொடி எழுத்தில் தேதி. இறந்த தேதிக்கு மறுநாள்.

நர்ஸ் இழுப்பறையைத் திறந்த அதே நாள். சிவப்பைப் பார்த்தவர், தேதியைப் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்?

5

இங்கே எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பெரிய டாக்டரை எப்படி எழுதுவது?

அவர் நல்லவர்: தவறைக் கண்டுபிடித்தார், மனம் பொறுக்காமல் பதிவைத் திருத்தினார். ஏமாற்ற நினைத்தவர் பழைய தேதி போட்டிருப்பாரே?

அவர் கெட்டவர்: நர்ஸ் பார்ப்பாள் என்று தெரிந்தே (இல்லை, இது மலிவு. எனக்கே கூசுகிறது.)

தெரிந்தது இவ்வளவுதான். பழி நர்ஸ் மேல் விழுந்தபோது அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்னும் இருபது வருடம் வைத்தியம் பார்த்தார். நர்ஸின் தையல் கடை இருக்கும் தெரு வழியாகத்தான் தினமும் வீட்டுக்குப் போனார். அப்போது அவர் மனதில்

6

டாக்டரம்மா அட்டையை இரண்டு தடவை படித்தார்.

"தாத்தா எழுத்துதான்."

"ஆமா."

"அப்பாவுக்கு எண்பத்திரண்டு சார். இன்னும் தாத்தா நாற்காலில உக்கார மாட்டார். விழாவுக்கு அவர்தான் தலைமை."

"மலரை விடுங்கம்மா. அந்த நர்ஸ்கிட்ட என்ன சொல்றது?"

அட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "இப்ப போய் உங்க மேல தப்பே இல்லைன்னு சொன்னா, அந்த நாற்பது வருஷத்தை அவங்க எங்க கொண்டுபோய் வைப்பாங்க?"

"டாக்டரா கேக்கறீங்களா, பேத்தியா கேக்கறீங்களா?"

"தெரியலை" என்றார். மூன்று தலைமுறையில் அந்த அறையில் அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அட்டையை நீட்டினேன். அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

7

முடிவுகள்.

ஒன்று: விழா மேடை, நர்ஸுக்குப் பொன்னாடை, கைதட்டல். (மேடையில் தீர்ந்துபோகிற விஷயமா இது?)

இரண்டு: நான் சொல்லவில்லை. அவர் அமைதியாகத் தைத்து முடிக்கிறார், அமைதியாக இறக்கிறார். (அது அமைதி என்று எனக்கு யார் சொன்னது?)

மூன்று: சொல்கிறேன். அவர் அழுகிறார். (எழுதிப் பார்த்தேன். அந்தக் கண்ணீர் முழுக்க என் வசதிக்காக வந்தது.)

நான்காவதை யோசிக்கும்போதுதான் உறைத்தது. இந்தப் பெண்மணி மேல் குற்றமில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும், இதுவரை படித்துவிட்டதால் உங்களுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவர்தான். பெரிய டாக்டர் உண்மையைத் தாளில் எழுதினார், தேதி போட்டார், இழுப்பறையை மூடினார். நான் ஏழு பகுதியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன், நடை கொஞ்சம் பரவாயில்லை. வேறென்ன வித்தியாசம்?

அதனால் நிறுத்துகிறேன். மணி ஐந்தேகால். கடை ஆறுவரை திறந்திருக்கும், அட்டை என் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் என்ன சொல்வார் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நல்லதாக வந்தாலும் என்னிடம் காட்ட வேண்டாம். நான் அவர் வாயால் கேட்க