மெக்கானிக் நகர்ந்த இடம்

அந்த நீளத் தெருவில், மெக்கானிக் எந்தக் கட்டிடத்தை விட்டுக் கிளம்புகிறாரோ அந்தக் கட்டிடத்து லிப்ட்தான் அடுத்துப் பழுதாகி நிற்கும். மின்கட்டணம் ஏறியதைப் போல எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. தெருவில் இருந்த லிப்ட்கள் அத்தனைக்கும் ஒரே கம்பெனி, அதில் மெக்கானிக்குகள் இரண்டே பேர். மேற்குப் பக்கம் சீனியர், கிழக்குப் பக்கம் தம்பி. தம்பி என்றால், ஆபீசில் போனை எடுத்து ஆள் அனுப்புகிற அக்காவின் கூடப்பிறந்த தம்பி. போன் வந்ததும் யாரை அனுப்புவது என்று அவள் அப்போதே சொல்லியாக வேண்டும். அடுத்த போன் எங்கிருந்து வரும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் தெரியும். கட்டிடங்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

போன் வந்த கட்டிடத்துக்கு யார் பக்கமோ அவரையே அவள் அனுப்பினாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். பாங்க் கட்டிடத்திலிருந்து சீனியரைப் பல் டாக்டர் கட்டிடத்துக்கு அனுப்பினாள். பாங்க் லிப்ட் நின்றது. அதற்கும் அவர்தான் பக்கம் என்று திரும்ப அனுப்பினாள்; பல் டாக்டர் லிப்ட் நின்றது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. சீனியர் இரண்டு கட்டிடங்களுக்கும் நடுவே சைக்கிள் மிதித்தே பாதியாக இளைத்தார். ஒருநாள் பாங்க் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு காலமும் தம்பி கிழக்குக் கோடியில் ஒரு கட்டிடத்து வாசலில், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மாதான் இருந்தான். அந்தக் கட்டிடத்தின் ஒன்பதாவது மாடியில் அவர்களுடைய அம்மா இருந்தாள். வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டிய உடம்பு, படி இறங்க முடியாத கால். தம்பி அங்கே இருக்கிற வரைக்கும் அந்த லிப்ட் வெண்ணெயாக ஓடியது. பக்கத்தில் இருப்பவரை அனுப்பும் வழக்கம் நியாயத்துக்காகவா அம்மாவுக்காகவா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. சீனியர் உட்கார்ந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பெனியில் கணக்கு இன்ஜினியர் ஒருவர் இருந்தார். மாதக் கடைசியில் வந்து, எங்கே யாரை அனுப்பியிருக்க வேண்டும் என்று போர்டில் கோடு போட்டுக் காட்டுவார். போன மாதத்துக்கு அது அப்பழுக்கில்லாமல் பொருந்தும். வருகிற மாதத்துக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. அந்த மாதம் அவர் கோடு போடவில்லை. "போன் ரெண்டு பேருக்கும் நடுவுல வந்தா, ரெண்டு பேரையுமே கிளப்புங்க. ஒரே வேகத்துல போகட்டும். முதல்ல சேர்றவர் வேலையப் பாக்கட்டும், மத்தவர் அதுவரைக்கும் வந்து சேர்ந்த இடத்துலயே நிக்கட்டும். வெளிப்பக்கமா வந்தா கிட்ட இருக்கவர் மட்டும் போனா போதும்" என்றார்.

"ஒரு லிப்டுக்கு ரெண்டு பேரா? அதனால என்ன சார் மிச்சம்?"

"மிச்சம் ஒண்ணும் இல்லம்மா. எல்லா போனும் முன்கூட்டியே தெரிஞ்ச ஒருத்தர் ஆள் அனுப்பினா எவ்வளவு தூரம் ஆகுமோ, நம்ம ஓட்டம் அதுல ரெண்டு மடங்குக்கு மேல போகாது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டு மடங்கு வீணாவதை ஒருவர் எப்படி நல்ல சேதி மாதிரி சொல்கிறார்? ஆனாலும் சீனியர் தேறிப் பாங்குக்குத் திரும்பிய பிறகு, பல் டாக்டர் கட்டிடத்திலிருந்து போன் வந்தபோது இரண்டு பேரையும் கிளப்பினாள். சீனியர் போய்ச் சேர்ந்தார். தம்பி பாதி வழியில் ஒரு செருப்புக்கடை வாசலில் நின்றான். ஏன் நிற்கிறான் என்று அவனுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. அவர் ஒரு ஸ்டூலைப் போட்டார். அதற்குள் கிழக்குக் கோடியில் அம்மாவின் லிப்ட் நின்றுவிட்டது. அன்று ஆஸ்பத்திரி நாள்.

அவள் உடனே தம்பியைத் திருப்பி அனுப்பினாள். அவன் போய்ச் சரிசெய்து அம்மாவை இறக்குவதற்குள், ஆஸ்பத்திரியில் அவளுடைய மெஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பாதி நேரம்தான் கிடைத்தது. அம்மா வீங்கிய காலோடு திரும்பி வந்தாள். பெற்ற தாயைப் பாதியாக்கி, சீனியருக்குப் பாதி மூச்சைக் கொடுத்தோமா என்று மகள் குழம்பிப்போய், நடந்த அத்தனையையும் அம்மாவிடமே சொல்லி அழுதாள்.

"ரெண்டு மடங்கு நேரம்தான? அப்போ நான் முன்னாடியே கிளம்பிடுறேன். இதுக்கா இந்த அழுகை?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு தெரு முழுக்க அப்படியே பழகிக்கொண்டது. லிப்ட் கதவுகளுக்கு முன்னால் நாற்காலி போட்டார்கள். பாங்கில் பத்து மணி வேலைக்கு ஒன்பதுக்கே கீழே வந்து நின்றார்கள். பாதி ஓட்டத்தைத் தம்பி வாங்கிக்கொண்டதில் சீனியருக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. செய்தது சரிதானா என்று மட்டும் அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆஸ்பத்திரி நாளில் நடுத்தெருவிலிருந்து போன் வந்தால், அவள் வாயாலேயே தம்பியை மேற்கே போகச் சொல்வாள். சொன்ன கையோடு வீட்டுக்குப் போன் போடுவாள்.

"நின்னுடுச்சாம்மா?"

"நின்னுடுச்சு. நீ வேலையப் பாரு, அவன் வந்துடுவான்."