பச்சை விளக்கும் பன்னிரண்டு பெட்டிகளும்

சட்டைத் தொழிற்சாலையின் தேய்ப்புப் பிரிவில் நீராவி இஸ்திரிப்பெட்டிகள் பன்னிரண்டு. அவற்றுக்கு ஆவி தரும் கொதிகலன் ஒன்றே ஒன்று. ஏழு வருஷமாக அதைப் பன்னிரண்டு பேரும் எப்படிச் சண்டையில்லாமல் பங்கு போட்டார்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. பக்கத்துப் பெட்டி 'புஸ்' என்றால் இந்தக் கை தானாகக் காலரை நீவப் போய்விடும். அவ்வளவுதான்.

மேலாளருக்கு இது பொறுக்கவில்லை. மூன்று நாள் பயிற்சிக்குப் போனவர், கழுத்தில் அடையாள அட்டையும் வாயில் 'தரவு' என்ற சொல்லுமாகத் திரும்பினார். திங்கட்கிழமை சுவரில் ஒரு பலகை ஏறியது. ஆவி நிறைந்தால் பச்சை விளக்கு, குறைந்தால் சிவப்பு.

"இனிமே குத்துமதிப்பே கிடையாது. எல்லாம் அறிவியல்!"

பச்சை வந்தது. பன்னிரண்டு பேரும் ஒன்றாக அழுத்தினார்கள். ஆவி செத்தது. சிவப்பு வந்தது. பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் கைகட்டி நின்றார்கள். வாரம் முழுக்க இதே கூத்து.

வெள்ளிக்கிழமை மதியம் அங்கே மூத்தவளான பெரியக்கா முடிந்த சட்டைகளை மறுபடி எண்ணிப் பார்த்தாள். மறுநாள் காலை மகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ஐந்து மணிக்குள் அறுநூறு சட்டை முடிந்தால்தான் லீவு என்று சொல்லிவிட்டு மேலாளர் கூட்டத்துக்குப் போயிருந்தார். மணி இரண்டு. இருநூறுகூடத் தேறவில்லை.

"ஏண்டா ஒல்லி, நான் அழுத்தறப்பதான் உனக்கும் அவசரமா?"

"நான் விட்டா நீங்க உறிஞ்சிடுவீங்களேக்கா!" என்றான் பக்கத்து மேசை ஒல்லி, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போன வாரம் வரைக்கும் நீ இப்படிப் பறக்கலையேடா."

"போன வாரம் ஆவி எப்ப நிறையுதுன்னு யாருக்குத் தெரியும்? இப்பதான் பச்சை காட்டிக்கொடுக்குதே!"

பெரியக்கா விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஈரச் சட்டை ஒன்றை எடுத்து, விளக்குகள் மறையும்படி பலகையின் மேல் மாட்டினாள்.

"அக்கா! மேலாளர் பார்த்தா?"

"காயப்போட்டிருக்குன்னு சொல்லு."

கொஞ்ச நேரம் எல்லாரும் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி விழித்தார்கள். அப்புறம் ஓரத்தில் ஒரு 'புஸ்'. பக்கத்துக் கை காலருக்குப் போனது. நடுவில் ஒரு 'புஸ்'. கொதிகலன் மூச்சு வாங்காமல் ஓடியது.

ஐந்துக்குக் கால்மணி இருக்க, கடைசிச் சட்டை மடிந்தது. படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் ஒல்லி ஈரச் சட்டையை உருவிவிட்டான். மேலாளர் குவியலைப் பார்த்தார். பளிச்சென்று எரிந்த பச்சையைப் பார்த்தார்.

"பார்த்தீங்களா பலகையோட மகிமையை?"

"அதை என்னன்னு சொல்றது சார்!" என்று பெரியக்கா லீவுச் சீட்டை நீட்டினாள்.

வெற்றிக் களிப்பில் அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போதே அவள் போனை எடுத்துவிட்டாள்.

"அம்மா வரேண்டி. காலையில முதல் பஸ்."