மூத்தவள் குடித்த பங்கு

ஒரே நஞ்சுக்கொடியில் வளர்ந்த இரட்டைப் பெண் குழந்தைகள். மூத்தவள் கொழுகொழுவென்று பிறந்ததால் குண்டு. இளையவள் உள்ளங்கையில் அடங்கியதால் சிட்டு. கருவிலேயே ரத்தம் போதாமல் சிட்டுவின் குடலில் ஒரு துண்டு அழுகிப்போக, அதை வெட்டி எடுத்திருந்தார்கள். அவள் ரத்தமெல்லாம் அக்கா பக்கம் போய்விட்டதாக டாக்டர் சொன்னதிலிருந்து, பெற்றவளுக்கு மூத்தவளைக் கண்டாலே வயிறு எரிந்தது.

சிட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் சொட்டுப் பாலும் இல்லாமல் கிடக்க, குண்டு மடியில் சப்புக்கொட்டிக் குடித்தாள்.

"தங்கச்சி பங்கையும் சேர்த்துக் குடிச்சியே, இன்னுமா அடங்கலை உனக்கு?"

"பச்சப்புள்ளகிட்ட என்ன பேச்சு அண்ணி இது?" என்றாள் நாத்தனார்.

"உங்களுக்கெல்லாம் இவதானே செல்லம்! வந்ததும் இவளைத்தானே தூக்குறீங்க?"

மறுநாள் குண்டு குடித்த பாலையெல்லாம் கக்கினாள். வயிறு பானையாக உப்பியது.

"இவளுக்கும் குடல்லதாம்மா பிரச்னை. ரத்தம் அளவுக்கு மீறினாலும் கெட்டியாகிடும், சரியா ஓடாது" என்ற டாக்டர், பாலை நிறுத்தி மருந்து ஏற்றினார்.

"பெத்த நானே கண்ணு வெச்சுட்டேனே" என்று பெற்றவள் நாத்தனாரின் தோளில் விழுந்து அழுதாள்.

கத்தி வைக்காமலே குண்டு தேறினாள். சிட்டுவுக்கும் மெல்லப் பால் கொடுக்கத் தொடங்கினார்கள். இருவரையும் முதல்முறையாக ஒன்றாக மடியில் போட்டபோது, குண்டுதான் முந்திக்கொண்டு வாயைத் திறந்தாள். அப்போதும் பெற்றவளுக்குச் சுருக்கென்றது.

"பொறுடி, உனக்கும் உண்டு" என்று சிட்டுவை முதலில் மார்பில் வைத்து, மறு கையால் குண்டுவை இழுத்து அணைத்துக்கொண்டாள்.